வாத்தியாருக்கு எங்கே வலி?

செவ்வாய்க்கிழமை காலை, லூர்துராஜ் வாத்தியாரின் வலி வலது மணிக்கட்டைக் காலி செய்துவிட்டு இடது முழங்காலுக்குக் குடிபோயிருந்தது.

"நேத்து மணிக்கட்டுன்னு சொன்னீங்களே சார்?" என்றாள் தமிழ்வாணி.

"அது நேத்து, டாக்டரம்மா."

தமிழ்வாணிக்கு அழுகை வந்தது. மூட்டு வாத நோய்க்கான சிறப்புப் படிப்புக்காக அவள் மதுரைக்கு வந்து நாலு மாதம் ஆகிறது. கணவன் விக்ரமும் நாலு வயது மகள் பவதாரிணியும் தர்மபுரியில். மகளைப் பார்த்து நாற்பத்தொரு நாள். இந்தச் சனிக்கிழமை ஊருக்குப் போகலாம். ஆனால் புரொபசர் ஸ்டீவ் யூனிட்டில் ஒரு சட்டம் உண்டு. தன் பொறுப்பில் உள்ள நோயாளிக்கு இன்ன நோய் என்று சொல்லாதவருக்கு லீவு கிடையாது.

அவள் பொறுப்பில் இருந்தவர் இந்த லூர்துராஜ். மிஷன் பள்ளியில் கணக்கு வாத்தியாராக இருந்து ஓய்வு பெற்றவர். தல்லாகுளத்தில் தனியாகக் குடியிருப்பவர்.

ஸ்டீவின் போக்கும் விநோதமாகத்தான் இருந்தது. மற்ற நோயாளிகளிடம் பேரன் பேத்தி வரை விசாரிப்பவர், வாத்தியார் கட்டிலுக்கு வந்தால் மட்டும் நேராகப் பேசமாட்டார். "கையை மடக்கச் சொல்லுங்க" என்பார் தமிழ்வாணியிடம். ஓரடி தள்ளிப் படுத்திருக்கும் வாத்தியாரும், "வலிக்குதுன்னு சார்கிட்டச் சொல்லுங்கம்மா" என்பார் அவளிடமே. மாணவியைப் பேசப் பழக்கும் பயிற்சி போலிருக்கிறது என்று அவள் நினைத்துக்கொண்டாள்.

பிறகு புரொபசர் கட்டிலோரம் உட்கார்ந்து, தோளில் தொடங்கி விரல் விரலாக இருபத்தெட்டு மூட்டுகளையும் அழுத்திப் பார்ப்பார். "ரிப்போர்ட்டு அப்புறம். மொதல்ல கை பேசணும்" என்பது அவர் பாடம்.

புதன்கிழமை வலி தோளுக்கு ஏறியது. ரத்தப் பரிசோதனை எதிலும் ஒரு குறையும் இல்லை. தமிழ்வாணி புத்தகங்களைப் புரட்டி, "வந்து வந்து போற வாதம் சார்" என்றாள்.

"வீக்கத்தைக் கண்ணால பாத்தீங்களா?"

"இல்ல சார்."

"பாத்துட்டு வந்து சொல்லுங்க."

"வீங்குச்சுன்னா உடனே எனக்குப் போன் போடுங்க" என்று வாத்தியாரிடம் நம்பரைக் கொடுத்தாள். வந்தது வினை. முதல் தோசையைப் பிய்க்கும்போது போன். தலைக்கு எண்ணெய் வைக்கும்போது போன். ஹாஸ்டலிலிருந்து மூச்சிரைக்க ஓடி வந்தால், "அடடா, இப்பத்தான் வடிஞ்சிருச்சு" என்பார்.

வியாழக்கிழமை நயமாகப் பேசிப் பார்த்தாள். "வீட்டுக்குப் போனா நிம்மதியா இருக்கலாம்ல சார்? தல்லாகுளம் என்ன, எட்டிப் புடிக்கிற தூரம்."

ஒரு மணி நேரத்தில் வலி தாடைக்கு வந்துவிட்டது. வாயைத் திறக்கவே முடியவில்லை என்பதை வாத்தியார் பத்து நிமிஷம் விளக்கினார். சாயங்காலம் பார்த்தால், கதவு மறைவில் நின்று நறுக் நறுக்கென்று முறுக்குக் கடித்துக்கொண்டிருந்தார்.

"ஒரு பக்கந்தாம்மா வலி" என்றார்.

வெள்ளிக்கிழமை காலை தமிழ்வாணி துணிந்து எழுதினாள்: 'நோய் எதுவும் இல்லை. வீட்டுக்கு அனுப்பலாம்.' கையோடு விக்ரமுக்குப் போன் போட்டு, "நாளைக்கு மத்தியானம் அங்க இருப்பேன்" என்றாள்.

பவதாரிணி போனைப் பிடுங்கினாள். "நீ போன்ல பேசுற அம்மாவா, வர்ற அம்மாவா?"

"வர்ற அம்மாடி தங்கம்."

ரவுண்ட்ஸில் ஸ்டீவ் அந்த இரண்டு வரியை வெகுநேரம் படித்தார். கட்டிலோரம் உட்கார்ந்தார். மறுபடியும் இருபத்தெட்டு மூட்டுகள். என்றைக்கும் இல்லாத நிதானம். கடைசி விரலுக்கு வந்தவர் அதை விடவே இல்லை.

"இடது சுண்டுவிரல்ல லேசா சந்தேகமா இருக்கு. திங்கக்கிழமை வரைக்கும் இருக்கட்டும்."

வாத்தியார் கூரையைப் பார்த்துக்கொண்டு, "ஆமாம்மா, காலைலருந்து அங்கதான் வலின்னு சொல்லுங்க" என்றார்.

தமிழ்வாணி வராந்தாவுக்கு வந்து சுவரில் சாய்ந்தாள். கண்ணீர் நிற்கவில்லை. இருபது வருஷமாக அந்த வார்டில் வேலை பார்க்கும் தங்கப்பொண்ணு, தரை துடைத்த கையோடு பக்கத்தில் வந்து நின்றாள்.

"அம்புட்டும் நடிப்புக்கா!" என்றாள் தமிழ்வாணி. "ஊரே கும்பிடுற டாக்டரு, அவருக்கு இதுகூடவா தெரியல?"

தங்கப்பொண்ணு இரண்டு பக்கமும் பார்த்துவிட்டுக் குரலைத் தாழ்த்தினாள்.

"தெரியாம என்ன டாக்டரம்மா, அது அவரைப் பெத்த அப்பன், மகன் அம்மா அடக்கத்துக்குக்கூட வராம இதே படிப்புக்குப் பரீட்சை எழுதப் போயிட்டாருன்னு பத்து வருசமா ரெண்டு பேருக்கும் பேச்சு இல்ல, இந்தக் கட்டில்ல வச்சுத்தான் தொட்டுக்கிறாக."