சந்தா கழித்த படலம்

மூட்டை எதையும் தூக்காமலே நோகும் இடுப்பே, முதல் வணக்கம் உனக்கு. சுழல்நாற்காலிச் சிம்மாசனத்தில் காலை முதல் வீற்றிருந்து உன்னை வருத்திய பெருவீரன், டைல்ஸ் மொத்தக்கடைக்கு அதிபதி, குளிர்சாதனக் காற்றிலும் வியர்க்கும் குன்றனைய தோளன், வரி என்ற சொல் செவியில் விழுந்தால் வெகுண்டெழும் வேங்கை, எங்கள் முதலாளி வாழ்க.

எதிரே மடிக்கணினிக் கேடயம் ஏந்திக் கணக்காளர். வாசலில், லாரியிலிருந்து பெட்டிகளை இறக்கித் தோள் உரிந்த லோடுமேன் நின்றிருந்தார். வரிக்கணக்கு முடிந்ததும் போன மாதக் கூலி என்று அவருக்குச் சொல்லியிருந்தார்கள்.

பறை முழங்காத குறையாகப் போர் தொடங்கிற்று. பில் போடும் மென்பொருளின் மாதச் சந்தா முன்னணிப் படையாய் வந்தது. அலுவலகச் செலவென்று கழித்தார் கணக்காளர். டைல்ஸ் பதித்தால் தரை எப்படியிருக்கும் என்று திரையில் காட்டும் மென்பொருள் யானையென அசைந்து வந்தது. மூன்றாண்டுக்குச் சேர்த்துக் கட்டிய சந்தாவாகையால், இவ்வாண்டுப் பங்கை மட்டும் கழித்து, மிச்சத்தை வரும் ஆண்டுகளுக்கெனச் சிறைவைத்தார். வீரன் பல்லைக் கடித்துப் பொறுத்தான். கடைசியில் முகத்தை மூடிக்கொண்டு நழுவி வந்தது, அவன் மச்சான் தன் வீட்டில் படுத்துக்கொண்டே படம் பார்க்கும் சந்தா.

"இது சொந்தச் செலவு சார். கடைக் கணக்குல வராது."

ஊழிக்கடல் பொங்கியது. மேசை அதிர, பேனாக்கூடு உருண்டோட, தேநீர்க் கோப்பை நடுநடுங்க, இடியேறென முழங்கினான் வீரன்: "கடைக் கார்டுல கட்டுனது கடைச் செலவுதான்யா. தொழிலாளர் நலன்னு எழுது."

"எந்தத் தொழிலாளி சார் பாத்தாரு?"

அக்கணை மார்பைத் துளைத்தது. தள்ளாடிய வீரனின் பார்வை வாசலில் போய் ஊன்றியது.

"ஏம்ப்பா, நீ படம் பாப்பியா?"

"பாப்பேன் முதலாளி. கூலி குடுத்தீங்கன்னா, அடகுல கெடக்கற செல்போன மீட்டுட்டுப் பாப்பேன்."

முதற்சொல்லுக்கு மேல் கேட்கும் வழக்கம் மாவீரர்க்கு இல்லை. "பாப்பானாம். எழுதுய்யா," என்று வெற்றிச்சங்கு ஊதினான். விசைப்பலகை நான்கு முறை தட்டப்பட, திசையானைகள் செவி தாழ்த்த, மச்சானின் மாலைப்பொழுது தொழிலாளர் நலனாகி வரியினின்றும் வீடுபேறு அடைந்தது.

"கணக்கு முடிஞ்சிருச்சா சார்? கூலி?" என்றார் லோடுமேன்.

கணக்காளர் திரையைப் பார்த்தார். "உன் கூலியக் குடுத்தாச்சுன்னு செலவுல கழிச்சாச்சேப்பா."

லோடுமேனுக்குப் போன மாதக் கூலி இன்னும் கொடுக்கவில்லை.