மத்திக்கு ஒரு ஃபிட் சர்டிபிகேட்

கடலே இல்லாத ஊரில் கடல்மீனுக்கென்று ஓர் அலுவலகம் திறந்ததுதான் இந்த நூற்றாண்டின் மாபெரும் சாதனை என்று நிவேதா மனதுக்குள் சொல்லிக்கொண்டாள். வெளியே சொல்லவில்லை. சொன்னால் மேலாளர் மனோகர் அதை அப்படியே பேனரில் அடித்துவிடுவார்.

தங்கச் சுரங்கம் மூடிப்போன அந்த ஊரின் கோரமண்டல் ரயில் நிலையத்துக்கு எதிரே இருந்தது 'கடல்மீன் ஊட்டத் திட்ட' அலுவலகம். சென்னைப் பக்கத்து மத்தி, ஐஸ் பெட்டியில் இவ்வளவு தூரம் வந்து சேரும். அதைக் குடலோடு வெயிலில் காயவைத்து, பொடியாக்கி, அங்கன்வாடிப் பிள்ளைகளுக்குப் பாலில் கலக்குவார்கள். வரும் செவ்வாய்க்கிழமை முந்நூறு பிள்ளைகள் குடிக்கவேண்டும். அதற்குப் பரிசோதகர் நிவேதாவின் ஒரு கையெழுத்துதான் பாக்கி.

மீனைச் சோதிக்கும் படிவம் மட்டும் மேலிடத்திலிருந்து வரவில்லை. மனோகர் அசரவில்லை. பக்கத்தில் ஊரிகத்துப் பழைய பேப்பர் கடையில் ஒரு கட்டு பிடித்தார். சுரங்க ஷாஃப்டுக்குள் இறங்குகிற ஆட்களைச் சோதித்த அந்தக் காலத்துப் படிவம். பெயர்: மத்தி. தகப்பனார் பெயர்: தெரியாது. உயரம், எடை, மார்பளவு. அதிலும் மூச்சை இழுத்து ஒன்று, விட்டு ஒன்று. கடைசி வரி: 'கேஜில் இறக்கலாம்.' ஆட்களைச் சுரங்கத்துக்குள் இறக்கும் இரும்புக் கூண்டுதான் கேஜ்.

நிவேதா பொறுப்பாக நிரப்பினாள். உயரம் பதினாறு சென்டிமீட்டர். நாற்பது கிராமாவது இருக்கவேண்டிய எடை இருபத்தாறு. பத்து மீனில் ஏழின் வயிற்றில் வெள்ளை நூல்கண்டு மாதிரி புழு.

"இன்னாம்மா இது, புழுன்னு எழுதிக்கிற?" என்றார் மனோகர்.

"இருந்துச்சு சார்."

"நல்லா யோசிச்சுப் பாரு. இந்த மத்தி, தான் பட்டினி கெடந்தாலும் வந்தவங்களுக்குச் சோறு போட்டுக்குது. எவ்ளோ பெரிய மனசு! 'செறிவூட்டப்பட்ட மத்தி'ன்னு எழுது."

"குடலை எடுத்துட்டு, வேகவெச்சு..."

"குடலை எடுத்தா எடை கொறையுமே. ஏற்கெனவே ஒல்லி!"

தராசைத் துடைத்துக்கொண்டிருந்த கங்கம்மா நிமிர்ந்தாள். "ஏன் சார், திங்கக்கிழமைதான புள்ளைங்களுக்குப் பூச்சி மாத்திரை குடுக்குறாங்க?"

"அதான் கங்கம்மா, ஒருங்கிணைப்பு. திங்கள்ல காலி பண்றோம், செவ்வாய்ல ரொப்புறோம். ரெண்டு ஆபீசுக்கும் வேலை இருக்கணும்ல?"

"உங்க பேரன் ரூபேஷும் அந்த அங்கன்வாடிதானே?" என்றாள் கங்கம்மா.

"அவனுக்குச் செவ்வாய்க்கிழமை ஒடம்பு சரியில்ல" என்றார் மனோகர். அன்று வெள்ளிக்கிழமை.

கங்கம்மா மறுபடி தராசைத் துடைக்கத் தொடங்கினாள்.

மனோகர் படிவத்தைத் திருப்பி நீட்டினார். "கீழ 'ஃபிட்'னு மட்டும் எழுதி கையெழுத்து போடும்மா. உன்னை பர்மனென்ட் பண்ணச் சொல்லி நானே எழுதறேன்."

நிவேதா அந்தக் கடைசி வரியைப் பார்த்தாள். அது அவளுக்குப் பழக்கமான வரி. வீட்டு இரும்புப் பெட்டியில், சுரங்கத்தில் வேலை பார்த்த அப்பா தம்மபாலனின் படிவம் இன்னும் இருக்கிறது. மூச்சை இழுத்தாலும் விட்டாலும் அவருக்கு மார்பளவு ஒன்றுதான். இருமலை எழுத அதில் கட்டம் கிடையாது. அடியில் அழகான கையெழுத்தில் 'ஃபிட்'. அதற்கப்புறம் இரண்டே வருஷம்தான் உயிரோடு இருந்தார்.

பேனாவுக்கு மூடி போட்டு, படிவத்தின்மேல் வைத்தாள்.

"இதே எடத்துல எங்கப்பாவுக்கு ஒருத்தர் போட்டுட்டாரு சார். எங்க ஊருக்கு அது போதும்."