பாலத்துக்கு அந்தப் பக்கம் மாவிஸ்

"பாஸ்போர்ட் எடுத்தாச்சா ஆடம்?"

பாலத்தின் நடுவில் டகி இப்படிக் கேட்டபோது ஆடம் டர்ன்புல்லின் ஒரு கையில் டீ பிளாஸ்க், மறு கையில் தோட்டத்து டாலியாப் பூக்கள், கோட்டில் பிஸ்கட் அளவுக்கு ஒரு 'ஆம்' பேட்ஜ்.

"எதுக்குடா பாஸ்போர்ட்?"

"நீ ஆசைப்படற மாதிரி ஸ்காட்லாந்து தனி நாடாயிட்டா, இந்தப் பாலத்துல கேட்டு போடுவான். உன் பொண்டாட்டி வெளிநாட்டுல படுத்திருக்கா. தினம் விசா வாங்கிட்டுத்தான் பூ வைக்கணும், தெரிஞ்சுக்கோ."

டகி பக்கத்து வீட்டுக்காரன். 'வேண்டாம்' கட்சி. கொளுத்திப் போட்டுவிட்டு நாயை இழுத்துக்கொண்டு அவன் பாட்டுக்குப் போய்விட்டான். ஆடம்தான் பேட்ஜையும் பாலத்தையும் மாறி மாறிப் பார்த்தார்.

ஸ்காட்லாந்து பிரிவதா வேண்டாமா என்று ஓட்டெடுப்பு நடந்த அந்த 2014 செப்டம்பரை நினைத்தால் எனக்கு இப்போதும் சிரிப்பு வருகிறது. எங்கள் ஊர் கோல்ட்ஸ்ட்ரீமில் மழையைப் பற்றிக்கூட யாரும் பேசாத ஒரே மாதம் அதுதான். இறைச்சிக் கடையில் வடகடல் கச்சா எண்ணெய் விலை, சலூனில் பவுண்டு யாருக்கு என்ற சண்டை, பப்பில் பென்ஷன். ஜன்னலுக்கு ஜன்னல் ஒரு 'ஆம்', ஒரு 'வேண்டாம்'. ட்வீட் ஆற்றுக்கு இந்தக் கரையில் நாங்கள், பாலம் தாண்டினால் இங்கிலாந்து.

ஆடம் முப்பத்தெட்டு வருஷம் அந்தப் பாலத்தில் பஸ் ஓட்டியவர். ஒரு நாளைக்கு எட்டுத் தடவை நாடு மாறுவார், ஆனால் தெருமுனைக்குப் போய்த் தபால் போடக்கூட நடக்க மாட்டார். பஸ்ஸை விட்டால் கார், காரை விட்டால் நாற்காலி. அப்பேர்ப்பட்ட மனிதர் மூன்று வருஷமாக மழையோ பனியோ, ஒன்றரை மைல் போக, ஒன்றரை மைல் வர, லாங்ரிக் கிராமத்துக் கல்லறைக்குத் தினமும் நடந்தார் என்றால் அது மனைவி மாவிஸின் கடைசி உத்தரவு.

"என்னைப் பாக்க வந்தா நடந்து வா. காரை எடுத்துட்டு வந்தே, எழுந்து வந்து உதைப்பேன். உன் டீசல் நாத்தம் நாப்பத்தி மூணு வருஷம் போதும்."

ஆடம் சொன்னபடியே நடந்தார். ஆனால் நெஞ்சில் ஒரு முள் இருந்தது. எங்கள் நகராட்சிக் கல்லறை அவர் வீட்டுத் தோட்டச் சுவருக்கு அடுத்தாற்போல. சமையலறை ஜன்னலிலிருந்து எட்டிப் பார்த்தாலே தெரியும். அதை விட்டுவிட்டு, ஆற்றுக்கு அந்தப் பக்கம், பிறந்த ஊரில்தான் படுப்பேன் என்று எழுதி வைத்துவிட்டுப் போய்விட்டாள்.

"இத்தனை வருஷம் என்னோட வாழ்ந்தும் கடைசியில அவ ஊருதான் அவளுக்குப் பெரிசாப் போச்சு" என்பார். அந்தக் கோபத்தில்தான் பேட்ஜையே குத்திக்கொண்டார் என்பது என் கட்சி.

இப்போது அந்த பேட்ஜே அவளிடம் போகும் வழியை அடைத்துவிடுமோ? நேரே டவுன்ஹால் கூட்டத்துக்குப் போனார். எடின்பரோவிலிருந்து ஒரு பொருளாதார நிபுணர் வந்திருந்தார்.

"ஐயா, ஒரே கேள்வி. பாலத்துல கேட்டு வருமா வராதா?"

"அது பல காரணிகளைப் பொறுத்தது" என்று ஆரம்பித்த நிபுணர் நாணயம், வட்டி, பற்றாக்குறை, ஐரோப்பா என்று இருபது நிமிஷம் உலகத்தைச் சுற்றினார். பாலத்துக்கு மட்டும் வரவேயில்லை.

ஆடத்துக்குப் பொறுக்கவில்லை. "யோவ், பவுண்டு எங்க வேணா போகட்டும்! என் பொண்டாட்டி அந்தப் பக்கம் இருக்காய்யா!"

சபை விழுந்து விழுந்து சிரித்தது. யாரோ போட்டோ எடுத்தார்கள். இரண்டே நாளில் 'வேண்டாம்' கட்சியின் துண்டுப் பிரசுரம் வீடு வீடாக விழுந்தது. ஆடம் வாயைப் பிளந்தபடி நிற்கும் படம். கீழே, 'ஆம் என்பவரே அலறுகிறார்!' ஆடம் வீட்டுக் கதவிடுக்கில் மட்டும் டகி மூன்று பிரதி போட்டான்.

'ஆம்' கட்சித் தலைவி எல்ஸ்பெத் அரை மணியில் வாசலில் நின்றாள். முன்னாள் தலைமை ஆசிரியை. இன்னும் ஊரையே வகுப்பறையாக நடத்துபவள்.

"பேட்ஜைக் கழட்டிக் குடுங்க மிஸ்டர் டர்ன்புல். மானத்தை வாங்கிட்டீங்க."

"நான் ஒண்ணும் பயப்படல! அவ அந்தப் பக்கம் இருந்தாத்தானே பிரச்சினை? அவளையே இந்தப் பக்கம் கொண்டுவந்துடறேன், போதுமா?"

வாயைக் கொடுத்து மாட்டிக்கொள்வது என்பது இதுதான். சொன்ன பிறகுதான் என்ன சொன்னோம் என்று அவருக்கே உறைத்தது. ஆனால் ஆடம் ஒரு வார்த்தை சொல்லிவிட்டால் பின்வாங்குகிற ஜாதி இல்லை. பஸ்ஸைக்கூட ரிவர்ஸ் எடுக்கப் பிடிக்காது அவருக்கு. நகராட்சிக்கு போன் போட்டார்.

"இறந்தவங்க இப்ப எங்க குடியிருக்காங்க?" என்றாள் அங்கே ஒரு பெண்.

"லாங்ரிக் கல்லறையில."

"அப்ப வெளியூர் ஆளு. கட்டணம் மூணு மடங்கு."

"அம்மா தாயே, அவ இந்த ஊர் மருமக!"

"இருக்கட்டும் சார். பதினெட்டாம் தேதி ஓட்டு 'ஆம்'னு வந்துட்டா வெளிநாட்டு ஆளு. அதுக்கு என்ன கட்டணம்னு இன்னும் முடிவாகல."

அடுத்து லாங்ரிக் தேவாலயத்துப் பெண் பாதிரியார் பாலின். நல்ல மனுஷி. டீயும் கேக்கும் கொடுத்து, பிஷப்புக்குப் போக வேண்டிய விண்ணப்பத்தை நீட்டினார்.

"நடந்தா வந்தீங்க? போன வாரம் உங்க டாக்டரைப் பாத்தேன். உங்க நாடியைப் பாத்தா ஐம்பது வயசுக்காரன் மாதிரி இருக்காமே?"

"எல்லாம் ஓட்ஸ் கஞ்சிம்மா. அதையும் சர்க்கரை போடாம உப்புப் போட்டுச் சாப்பிடணும்" என்று பெருமையடித்தபடி ஆடம் படிவத்தை நிரப்பினார். 'மாற்றுவதற்கான காரணம்' என்ற கட்டத்தில் ரொம்ப நேரம் பேனாவைக் கடித்துவிட்டு, கூட்டத்தில் கேட்டதை எழுதினார்: 'பொருளாதார நிச்சயமின்மை.' கையெழுத்துதான் பாக்கி. கை வரவில்லை. நாளைக்குத் தருகிறேன் என்று படிவத்தைப் பையில் வைத்துக்கொண்டு வந்துவிட்டார்.

சேதி காற்றாகப் பறந்தது. லாங்ரிக்காரர்கள் கொதித்துப்போனார்கள். 'மாவிஸ் எங்க ஊர்ப் பொண்ணு' என்று ஒரு மனு. தொண்ணூறு பேர் உள்ள ஊரில் நூற்றுப் பதினாலு கையெழுத்து. இந்தப் பக்கம் டகி, "செத்தவங்களைக்கூட விட்டு வைக்க மாட்டேங்கறானுங்களே!" என்று பப்பில் முழங்கினான். கிணறு வெட்டப் பூதம் கிளம்பிய கதைதான்.

எல்ஸ்பெத்துக்கோ தலைகால் புரியவில்லை. "பிரமாதம் மிஸ்டர் டர்ன்புல்! ஓட்டுக்கு முந்தின நாள் ஊர்வலம். ஆறு பேக்பைப். பெட்டி மேல நம்ம நீலக் கொடி. 'தாய்மண்ணுக்குத் திரும்பும் மருமகள்'னு பேனர் எழுதக் குடுத்தாச்சு."

"பிஷப் அனுமதி வர மாசக்கணக்காகும்மா."

"காலிப் பெட்டி போதும். அவங்க சாவகாசமா வரட்டும்."

ஆடம் நாற்காலியில் பொத்தென்று உட்கார்ந்தார். இங்கிலாந்து ராணி படம் போட்ட கோப்பையில் தவிர டீ குடிக்காதவள் மாவிஸ். நீலக் கொடி போர்த்தி, பேக்பைப் ஊதி, அவளை எல்லை தாண்ட வைப்பதா? நிஜமாகவே எழுந்து வந்து உதைப்பாள்.

மறுநாள் காலை பிளாஸ்க், பூ, விண்ணப்பம் மூன்றோடும் நடந்தார். பாலத்தின் இங்கிலாந்து முனை வந்ததும் கால் தானாக நின்றது. அந்த இடத்தில் முன்பு ஒரு டீக்கடை இருந்தது. 1968-இல் மாவிஸ் அங்கே வேலை பார்த்தாள். அவர் நீட்டிய, ஸ்காட்லாந்து வங்கி அச்சடித்த பவுண்டு நோட்டை வெளிச்சத்தில் பிடித்துப் பார்த்து, "இதை எங்க அச்சடிச்சே, உங்க வீட்டுப் பரண்லயா? இந்தக் கடையில செல்லாது" என்றாள். "ஏன் செல்லாது?" என்று ஆரம்பித்த சண்டையில் பஸ் பன்னிரண்டு நிமிஷம் நின்றது. மறுநாளும் அதே நோட்டு, அதே சண்டை. ஒன்பதாம் நாள் சிரித்துக்கொண்டே வாங்கிக்கொண்டாள். கல்லாவில் தன் காசைப் போட்டுவிட்டு, அந்த நோட்டைக் கடைசி வரைக்கும் தன் பர்ஸிலேயே வைத்திருந்தாள். பொல்லாதவள்.

கல்லறையில் கத்பர்ட் டேப்பால் நீள அகலம் பார்த்துக்கொண்டிருந்தான். லாங்ரிக்கில் முப்பது வருஷமாகக் குழி வெட்டுபவன். பேச்சு கம்மி.

"வாங்க டிரைவரே. பாதிரியாரம்மா அளவு கேட்டாங்க. கையெழுத்துப் போட்டாச்சா?"

ஆடம் பூவை வைத்தார். கல்லைத் தடவினார். சட்டென்று அழுகை வந்துவிட்டது. "இவளைத் தூக்கவும் மனசு வரல, விடவும் மனசு வரல கத்பர்ட். நீ ஒண்ணு சொல்லு. இடம் பாக்க இவ வந்தப்ப நீதானே கூட இருந்தே? இங்கிலாந்து மண்ணுன்னு அவ்வளவு உருகினாளா? அவ்வளவு வேத்தாளா நான்?"

"மண்ணா?" கத்பர்ட் டேப்பைச் சுருட்டினான். "மண்ணை எட்டி உதைச்சு, 'வெறும் களி, ஒரு டாலியா வளராது'ன்னு திட்டுனாங்க."

"அப்புறம் எதுக்குடா இங்க வந்து படுத்தா?"

கத்பர்ட் தொப்பியைக் கழற்றினான். "சொல்லக் கூடாதுன்னு சத்தியம் வாங்கியிருக்காங்க. ஆனா தூக்குறதுன்னு வந்துட்டா, சொல்லாம இருந்தா பாவம். நீங்க பாலத்துல கேட்டு வருமான்னு தவிச்சீங்க, அவங்க என்கிட்ட கேட்டதெல்லாம் தூரம் ஒண்ணுதான் டிரைவரே: 'தினம் மூணு மைல் நடக்கலேன்னா அந்த மனுஷன் இதயம் தாங்காதுன்னுட்டார் டாக்டர், தோட்டத்துச் சுவரோரமா நான் படுத்தா ஜன்னல்லேர்ந்து கையாட்டிட்டு நாற்காலியிலயே உக்காந்துடுவாரு, சரியா ஒன்றரை மைல்ல ஒரு இடம் பாத்துக் குடு'ன்னாங்க."