நான்காம் தாள்

மூன்றாம் தாளைப் புரட்டினால் கீழே வெறும் பலகைதான் இருந்தது.

லிஃப்ட் மெக்கானிக் மறுபடியும் புரட்டிப் பார்த்தார். முதல் தாள், இரண்டாம் தாள், மூன்றாம் தாள், அப்புறம் வாசிப்பு மேடையின் மரம். எதிரே சபை முழுவதும் எழுந்து நின்று, அவர் அடுத்த வரியைச் சொல்வார் என்று அவர் வாயையே பார்த்துக்கொண்டிருந்தது.

நான்காம் தாள் எங்கே இருக்கிறது என்பது அவருக்கு உடனே ஞாபகம் வந்துவிட்டது. வீட்டில், குளியலறைக் கண்ணாடியில். முடிவு வரிதான் முக்கியம், அதை மட்டும் பார்க்காமல் சொல்லுங்கள் என்று மனைவி சொல்லியிருந்தாள். சவரம் செய்யும்போது கண்ணில் படட்டுமே என்று அவரே டேப் போட்டு ஒட்டிவைத்தார். வாரம் முழுக்கச் சவரம் நன்றாகத்தான் நடந்தது. வரிதான் மனதில் ஏறவில்லை.

அந்தச் சபையில் ஞாயிறு ஆராதனையின் வேண்டுதல் ஜெபம் ஒரு ஒழுங்கில் நடக்கும். முன்னால் நிற்பவர் ஒவ்வொரு வேண்டுதலாகச் சொல்லி, "உமது இரக்கத்தினாலே" என்று நிறுத்துவார். உடனே சபையார், "கர்த்தாவே, எங்கள் ஜெபத்தைக் கேட்டருளும்" என்று பதில் சொல்வார்கள். எல்லா வேண்டுதலும் ஆனபிறகு முன்னால் நிற்பவர் ஒரு முடிவு வரி சொல்வார். சபையார் ஆமென் சொல்லி உட்காருவார்கள். அடுத்தது பிரசங்கம். முடிவு வரி இல்லையென்றால் உட்காருவது இல்லை, உட்காராமல் பிரசங்கமும் இல்லை.

மெக்கானிக்கும் பல வருஷமாக அந்தக் கூட்டத்தோடு நின்று பதில் சொன்னவர்தான். தூக்கத்தில் எழுப்பிக் கேட்டாலும் பதிலைச் சொல்லிவிடுவார். ஆனால் பதில் சொல்கிறவன் எவன் கேள்வியைக் கவனித்திருக்கிறான்? முன்னால் நிற்பவர் என்ன சொல்கிறார் என்று அவர் ஒரு நாளும் காதில் வாங்கியதில்லை. ஜெபப் புத்தகங்களைப் பார்க்கலாம் என்றால் அவை எல்லாம் அட்டை கிழிந்து பைண்டிங்குக்குப் போயிருந்தன. சபையில் யார் கையிலும் எதுவும் இல்லை. அவர் கையில் இருந்த ஜெராக்ஸ்தான் மொத்தச் சபைக்கும் ஒரே ஆதாரம்.

இது சாதாரண ஞாயிறாக இருந்திருந்தால் அசடு வழிந்து சமாளித்திருப்பார். ஆனால் இன்றைக்குப் பரீட்சை. வழக்கமாக ஜெபம் நடத்தியவர் வேறு ஊருக்குப் போய்விட்டார். அந்த இடத்துக்கு மனைவி இவர் பெயரைக் கொடுத்திருந்தாள். சபைச் செயலாளர் வேறு யாருமில்லை, மனைவியின் அண்ணன். மாப்பிள்ளைக்கு மெஷினோடு பேசித்தான் பழக்கம், மனுஷங்களோடு பேசவைத்தால் ஃபியூஸ் போய்விடும் என்று அவர் சாப்பாட்டு மேசையில் எல்லார் முன்னாலும் சொல்லிச் சிரித்தார். மனைவி சிரிக்கவில்லை. ஒரு வாரம் வேண்டுமானால் விட்டுப் பார்ப்போம், ஒழுங்காக நடத்தினால் நிரந்தரம், இல்லாவிட்டால் நானே பார்த்துக்கொள்கிறேன் என்று மச்சான் பெரிய மனதோடு ஒத்துக்கொண்டார்.

காலையில் வாசலில் செருப்பு மாட்டும்போது மனைவி சொன்னது ஒன்றே ஒன்றுதான். "என்னங்க, எங்கண்ணன் முன்னாடி நான் தலை குனியற மாதிரி மட்டும் பண்ணிடாதீங்க."

மெக்கானிக் தொண்டையைச் செருமினார். வாயைத் திறந்தால் ஏதாவது வரும் என்று நம்பித் திறந்தார். வந்தது அவருக்குத் தெரிந்த விஷயம்தான்.

"லிஃப்டில் ஏறுகிறவர்களுக்காகவும், இறங்குகிறவர்களுக்காகவும், நடுவில் மாட்டிக்கொண்டு மணியை அழுத்துகிறவர்களுக்காகவும், மணிச்சத்தம் கேட்டும் டீயைக் குடித்து முடித்துவிட்டுப் போகிறவர்களுக்காகவும் உம்மை வேண்டிக்கொள்கிறோம், உமது இரக்கத்தினாலே."

"கர்த்தாவே, எங்கள் ஜெபத்தைக் கேட்டருளும்."

ஒருவர்கூடத் தடுமாறவில்லை. வழக்கத்தைவிடச் சத்தமாகவே சொன்னார்கள். மெக்கானிக்குக்குக் கொஞ்சம் தெம்பு வந்தது. அதே தெம்பில், பட்டென்று முடித்துவிடலாம் என்று "ஆமென்" என்றார்.

சபையாரும் ஆமென் என்றார்கள். யாரும் உட்காரவில்லை.

அவர் காத்திருந்தார். அவர்களும் காத்திருந்தார்கள். முன்வரிசையில் நின்ற பிரசங்கியார் மட்டும் பெஞ்சிலிருந்த தடித்த காகிதக் கட்டை எடுத்துக்கொண்டு முன்னால் வந்தார். சபையின் போதகருக்குத் தொண்டை கட்டிக் குரலே போய்விட்டது என்று கேள்விப்பட்டு, கூப்பிடாமலே உதவிக்கு வந்த வெளிச்சபைக்காரர் அவர். அவர்கள் சபையில் எழுதிவைத்த ஜெபம் என்ற வழக்கமே கிடையாது. முன்பு ஒரு முறையும் வந்திருக்கிறாராம். அன்றைக்கு மெக்கானிக்குக்கு ஞாயிறு டியூட்டி. பிரசங்கியார் மேடையின் முதல் படியில் கால் வைத்தார்.

"நாம் அமரலாம்" என்றார் மெக்கானிக் அவசரமாக.

"கர்த்தாவே, எங்கள் ஜெபத்தைக் கேட்டருளும்" என்றது சபை.

ஜெபம் நடந்துகொண்டிருக்கும்போது மேடை ஏறுவது மரியாதையாகாது. பிரசங்கியார் காலைப் பின்னுக்கு இழுத்துக்கொண்டு கண்களை மூடினார்.

மெக்கானிக்குக்கு ஒன்றும் புரியவில்லை. உட்காருங்கள் என்று சொன்னால்கூட அதற்கும் பதில் சொல்கிறார்களே, இவர்களும் தன்னைப்போலத்தான் போலிருக்கிறது, எதையும் காதில் வாங்காமல் பழக்கதோஷத்தில் சொல்கிறார்கள் என்று நினைத்தார். அவர்களைக் குறை சொல்லவும் அவருக்கு மனம் வரவில்லை.

உதவிக்கு ஆர்கன் வாசிக்கும் அக்காவைப் பார்த்தார். அவர் கைக்கெட்டும் தூரத்தில்தான் இருந்தார். ஒரு சுருதி கொடுத்தால்கூடப் போதும், பாட்டு என்று நினைத்து ஜனங்கள் நகர்ந்துவிடுவார்கள். அக்கா கண்ணாடியைக் கழற்றி, சேலைத் தலைப்பால் துடைத்து, வெளிச்சத்தில் பிடித்துப் பார்த்து, மறுபடியும் துடைத்தார்.

முன்வரிசையில் கழுத்தில் மஃப்ளரோடு உட்கார்ந்திருந்த போதகர் இரண்டு உள்ளங்கைகளையும் கீழ்நோக்கி அமுக்கிக் காட்டினார். மெக்கானிக்குக்கு உயிர் வந்தது. முழங்காலில் நிற்கச் சொல்கிறார், முடிவு வரியை முழங்காலில் நின்றுதான் சொல்ல வேண்டும்போல, அதுதான் இவ்வளவு குழப்பத்துக்கும் காரணம்.

"முழங்காற்படியிடுவோம்" என்றார்.

பெஞ்சுகள் கிரீச்சிட, மொத்தச் சபையும் முழங்காலில் இறங்கியது. கால் முடியாத பெரியவர்கள் மட்டும் பெஞ்சிலேயே குனிந்துகொண்டார்கள். எல்லாத் தலையும் கவிழ்ந்தபிறகுதான், இப்போதும் தன்னிடம் முடிவு வரி இல்லை என்பது மெக்கானிக்குக்கு உறைத்தது. முன்பு நின்றுகொண்டு காத்திருந்தவர்கள் இப்போது முழங்கால் வலியோடு காத்திருக்கிறார்கள், அவ்வளவுதான் வித்தியாசம். பயந்துபோய் "எழுந்து நிற்போம்" என்றார். எழுந்து நின்றார்கள். தலை சுற்றிய ஒரு மாமியை இரண்டு பேர் பிடித்துக்கொண்டார்கள். மாமி அந்த நிலையிலும் பதிலை விடவில்லை.

இந்த மாதிரி நேரத்தில் தொழில்தான் கை கொடுக்கும். லிஃப்ட் நடுவில் நின்று எந்தப் பொத்தானுக்கும் அசையவில்லை என்றால் என்ன செய்வார்? தரைத்தளத்துக்கு இறக்கி, முதலிலிருந்து ஓட்டுவார். அதே வேகத்தில் மேலே போகும்போது பல தடவை தானாகவே தாண்டிவிடும். முதல் தாளிலிருந்து ஆரம்பித்தால் ஓடுகிற ஓட்டத்தில் அந்த வரியும் நாக்கில் வந்து விழலாம். அவர் முதல் தாளை எடுத்து, "சர்வலோகத்தின் சமாதானத்துக்காக" என்று மறுபடியும் தொடங்கினார்.

யாராவது முறைப்பார்கள் என்று எதிர்பார்த்தார். ஒருவரும் முறைக்கவில்லை. ஆள்பவர்களுக்காக, ஆளப்படுகிறவர்களுக்காக, மழைக்காக, விளைச்சலுக்காக, பயணம் செய்கிறவர்களுக்காக என்று அவர் படிக்கப் படிக்க, பதில் ஒவ்வொன்றும் கூரையைத் தொட்டு வந்தது. இவ்வளவு பக்தியை அவர் அந்தக் கட்டிடத்தில் பார்த்ததே இல்லை. அது அவரை இன்னும் கலவரப்படுத்தியது. மூன்றாம் தாளின் கடைசி வரிக்கு வந்தார். அதற்கு மேல் பழையபடி மரம்தான்.

பிரசங்கியார் மறுபடியும் முதல் படியில் கால் வைத்தார்.

அப்போதுதான் மச்சான் நடைபாதையில் நடந்து வந்தார். கோட்டுப் பொத்தானைப் போட்டுக்கொண்டு, செயலாளருக்குரிய நடையில் வந்தார். மெக்கானிக்குக்கு ஒரு பக்கம் நிம்மதி, ஒரு பக்கம் அழுகை. முடிந்தது கதை. மச்சான் முடிவு வரியைச் சொல்வார், எல்லாரும் உட்காருவார்கள், சாப்பாட்டு மேசையில் ஃபியூஸ் கதை ஆயுசுக்கும் ஓடும்.

மச்சான் குனிந்து காதோரம் கேட்டார். "என்ன ஆச்சு மாப்பிள்ளை?"

"கடைசித் தாள் வீட்டுல இருக்கு மச்சான். முடிக்கத் தெரியலை. நீங்களே முடிச்சிடுங்க."

மச்சான் தாள்களைப் பார்த்தார். சபையைப் பார்த்தார். படியில் ஒரு காலும் தரையில் ஒரு காலுமாக நின்ற பிரசங்கியாரைப் பார்த்தார். பிறகு மெக்கானிக்கின் தோளைத் தட்டி, "நம்ம ஆஸ்பத்திரியில இருக்கறவங்களுக்கு இன்னும் தனித்தனியா ஜெபிக்கலையே" என்று சொல்லிவிட்டுத் திரும்பிப் போய்த் தன் இடத்தில் நின்றுகொண்டார்.

இப்படியும் ஒரு மனிதன் காலை வாருவானா? மெக்கானிக்குக்குக் காது சுட்டது. தங்கை புருஷன் நடுச்சபையில் மூழ்குவதை நின்று வேடிக்கை பார்க்க வேண்டும் என்று எத்தனை நாள் ஆசையோ. மனைவியைத் தேடினார். அவள் இரண்டாம் வரிசையில் இரண்டு கைகளாலும் முகத்தை மூடிக்கொண்டிருந்தாள். தோள்கள் குலுங்கின. அழுகிறாள். பத்துப் பேர் முன்னால் தலை நிமிர்ந்து நிற்கவேண்டும் என்று ஆசைப்பட்டவளை அழவைத்துவிட்டோமே.

அதற்குமேல் அவருக்கு வெட்கமும் போய்விட்டது. ஆஸ்பத்திரியில் இருப்பவர்களை ஒவ்வொருவராக, படுக்கைவாரியாக வேண்டினார். அவர்களைப் பார்த்துக்கொள்ளும் நர்ஸுகளுக்காக வேண்டினார். நர்ஸுகளின் குழந்தைகளுக்காக, அந்தக் குழந்தைகளின் வாத்தியார்களுக்காக வேண்டினார். வாயில்லாமல் இருக்கும் போதகரின் தொண்டைக்காக வேண்டினார். போதகர் கண்களை மூடியபடி ஒரு விரலை மட்டும் சக்கரம்போல் சுற்றிச் சுற்றிக் காட்டினார். சீக்கிரம் சுருட்டு என்கிறார் என்று புரிந்தது. சுருட்டத் தெரிந்தால் அவர் ஏன் இங்கே நிற்கப்போகிறார்? சொந்தக்காரர்களைப் புரிந்துகொள்ள முடியாதவர்களுக்காக வேண்டினார். பேச்சு வராதவர்களுக்காகவும், பேச வந்துவிட்டு நிறுத்தத் தெரியாதவர்களுக்காகவும் உருக்கமாக வேண்டினார். அதற்கு வந்த பதிலில் ஜன்னல் கண்ணாடி அதிர்ந்தது.

பிரசங்கியார் படியில் கால் வைப்பதும் எடுப்பதுமாக இருந்தார்.

கடைசியில் மெக்கானிக்கைக் காப்பாற்றியது வாசல்தான். அதே கட்டிடத்தில் அடுத்த ஆராதனை நடத்தும் வேற்றுமொழிச் சபையார் வந்து கூட ஆரம்பித்துவிட்டார்கள். கைக்குழந்தைகளும் கிட்டார் பெட்டிகளுமாக வாசலை அடைத்துக்கொண்டு எட்டிப் பார்த்தார்கள். பிரசங்கியார் கைக்கடிகாரத்தைப் பார்த்தார். அவருக்கு வேறோர் இடத்தில் கூட்டம் இருந்தது. போதகரின் காதில் ஏதோ சொல்லி, காகிதக் கட்டைப் பைக்குள் வைத்துக்கொண்டு பக்கக் கதவு வழியாக வெளியேறினார். அவர் கார் கிளம்பும் சத்தம் கேட்டதும் போதகர் எழுந்து இரண்டு கைகளையும் உயர்த்தி, இல்லாத குரலில் ஆசீர்வாதம் சொன்னார். காற்றுதான் வந்தது. ஆனால் சபை ஒரே குரலில் ஆமென் சொல்லிக் கலைந்தது.

மெக்கானிக் யார் கண்ணிலும் படாமல் ஆர்கனுக்குப் பின்னால் ஒதுங்கினார். அங்கேயும் விடவில்லை. தலை சுற்றிய மாமி தேடி வந்து அவர் கையைப் பிடித்துக் கண்ணில் ஒற்றிக்கொண்டார். யாரென்றே தெரியாத ஒரு பெரியவர் முதுகில் தட்டிக்கொடுத்தார். மச்சான் வந்து, இனி மாப்பிள்ளைதான் நிரந்தரம், கமிட்டியில் பேசியாயிற்று, ஒருவருக்கும் எதிர்ப்பில்லை என்று சொல்லிவிட்டுப் போனார். அந்த முகத்தில் கிண்டல் இருக்கிறதா என்று மெக்கானிக் உற்றுப் பார்த்தார். இல்லை. தூரத்தில் மனைவி நாலு பெண்களுக்கு நடுவே தலை நிமிர்ந்து நின்றுகொண்டிருந்தாள்.

ஒரு மனிதன் இவ்வளவு சொதப்பியும் பரிதாபப்பட்டுப் பதவி கொடுக்கிறார்களே என்று நினைத்தபோது அவருக்குத் தாங்கவில்லை. ஆர்கன் அக்கா மூடியைச் சாத்திப் பூட்டிக்கொண்டிருந்தார். அவரிடம் மனம்விட்டுச் சொன்னார்.

"எனக்கு இந்தப் பதவி வேணாங்க்கா. எல்லாரும் என்மேல இரக்கப்பட்டுச் சொல்றாங்க. அந்தக் கடைசி வரி தெரிஞ்சவங்க இந்தச் சபையில ஒரே ஒருத்தர் இருந்திருந்தாக்கூட நான் இப்படி அவமானப்பட்டிருக்க மாட்டேன்."

அக்கா சாவியைக் கைப்பைக்குள் போட்டுக்கொண்டார். பக்கக் கதவு நன்றாகச் சாத்தியிருக்கிறதா என்று ஒரு முறை பார்த்துவிட்டுக் குரலைத் தாழ்த்திச் சொன்னார்.

"கடைசி வரி இங்க பச்சைக் குழந்தைக்குக்கூட மனப்பாடம் தம்பி, ஆனா யாராவது ஒருத்தர் அதைச் சொல்லியிருந்தா, அந்தப் பிரசங்கியார் போன தடவை மாதிரியே தன் பிரசங்கத்தை ஆரம்பிச்சிருப்பாரே."