வீட்டுக்கு ஒரு சைக்கிள்

என் மனைவி மிலோய்கா என்னை 'நீ' என்று கூப்பிட்டால் வீட்டில் எல்லாம் சுகம். 'நீங்க' என்று ஆரம்பித்தால் நான் ஏதோ தப்புச் செய்திருக்கிறேன் என்று அர்த்தம். என்ன தப்பு என்பது பேச்சின் கடைசியில்தான் தெரியவரும்.

"நீங்க கொஞ்சம் கொட்டகைக்கு வர்றீங்களா?"

போனேன். கால் தானாக நடந்தது.

"இது என்ன கொட்டகை?"

"விறகுக் கொட்டகை."

"விறகு எப்ப வருது?"

"அடுத்த சனிக்கிழமை."

"வந்து எங்க உக்காரும்? உங்க மடியிலயா?"

கொட்டகைக்குள் என் மூன்று சைக்கிள்களும் சாய்ந்து நின்று என்னையே பார்த்தன. தார்ரோட்டுக்கு ஒன்று, ஊசி மாதிரி மெலிந்தது. சரளைக்கல் போட்ட காட்டுப் பாதைக்கு ஒன்று. வேரும் பாறையுமான ஒற்றையடிப் பாதைக்கு ஒன்று, எருமைக்கடா மாதிரி. இத்ரியா மலைப்பக்கம் பிறந்த எந்த ஆம்பிளைக்கும் இது புரியும். எந்த மனைவிக்கும் புரியாது.

"சனிக்கிழமைக்குள்ள இந்த வீட்ல ஒரே ஒரு சைக்கிள்தான் இருக்கணும். இல்லேன்னா விறகு வந்து கட்டில்ல உங்க பக்கம் படுத்துக்கும்."

விறகு விஷயத்தில் எங்கள் ஊரில் விளையாட முடியாது. அக்டோபரில் போகிறவன் வருகிறவனெல்லாம் அடுத்த வீட்டு விறகடுக்கைப் பார்த்துத்தான் குடும்பத்தை எடைபோடுவான். ஒருபக்கம் சரிந்திருந்தால் புருஷன் சரியில்லை. ஆகவே தலையாட்டினேன். ஆனால் ஆட்டிக்கொண்டிருக்கும்போதே தலைக்குள் ஒரு விளக்கு எரிந்தது. ஒன்று இருக்கட்டும் என்றுதானே சொன்னாள்? இந்த மூன்றில் ஒன்று என்று சொல்லவில்லையே!

மூன்றையும் தள்ளிவிட்டு, மூன்று வேலையும் செய்யும் புத்தம்புதிய ஒன்றை வாங்கிவிட்டால்? அவளுக்குச் சொன்ன வார்த்தையும் நிற்கும், எனக்குப் புதுச் சைக்கிளும் நிற்கும். கல்யாணமாகிப் பத்தொன்பது வருடத்தில் மிலோய்காவை நான் ஜெயித்ததே இல்லை. இதோ, வாசல் திறந்துவிட்டது.

இந்த இடத்தில் வாசகர்களிடம் ஒரு ரகசியம் சொல்லியாக வேண்டும். பாதி ரகசியம்தான். மீதியைச் சொன்னால் எங்கள் ஊரில் என்னைக் கல்லறையில்கூடச் சேர்க்க மாட்டார்கள்.

எங்களூரில் காளான் என்றால் யூர்செக் ஒன்றுதான். பழுப்புத் தொப்பி, குண்டுக் கால், வெண்ணெயில் போட்டால் தெருவே மூக்கைத் தூக்கும். அது முளைக்கும் ஓர் இடம் எனக்குத் தெரியும். அப்பாவைத் தவிர வேறு யாருக்கும் தெரியாது. அப்பா குடல்வால் ஆபரேஷனுக்கு முந்தின நாள், பிழைக்க மாட்டோம் என்று பயந்துபோய் என் காதில் சொல்லிவிட்டார். பிழைத்துவிட்டார். பதினாறு வருடமாகியும் என்னோடு முகம் கொடுத்துப் பேசுவதில்லை.

மலையில் புருஷன் பெண்டாட்டி படுக்கையைப் பகிர்ந்துகொள்ளலாம், காளான் இடத்தைப் பகிர்ந்துகொள்ளக் கூடாது. மிலோய்கா முதலில் கொஞ்சிக் கேட்டாள். பிறகு அழுது கேட்டாள். பிறகு பிறந்தநாள் பரிசாகக் கேட்டாள். நான் அசையவில்லை. எங்கள் வீட்டில் சாவி அவளிடம், ரேடியோ அவளிடம், நாய்கூட அவள் பேச்சைத்தான் கேட்கும். எனக்கென்று இருந்தது அந்த இடம் ஒன்றுதான். செப்டம்பரில் கூடையோடு திரும்பி வரும் அன்று மட்டும் நான் வீட்டுக்குத் தலைவன். அன்றைக்கு எனக்கு முதல் தட்டு வரும்.

அந்த இடத்துக்குத் தார்ரோட்டில் கொஞ்சம், சரளையில் கொஞ்சம், ஒற்றையடிப் பாதையில் கொஞ்சம் போக வேண்டும். எருமைக்கடாவை ஏழு கிலோமீட்டர் தார்ரோட்டில் மிதித்தே முழங்கால் தேய்ந்துவிட்டது. ஆகவே மூன்றுக்கும் ஒத்துவரும் ஒரே சைக்கிள் என்பது எனக்கு வெறும் ஆசையில்லை, தேவை.

அன்றிரவு அவள் சமைக்கும்போது விஷயத்தை அவிழ்த்தேன். பூகம்பத்தை எதிர்பார்த்தேன். மிலோய்கா மாவுக்குள் உருளைக்கிழங்கை வைத்து மடித்துக்கொண்டே, "நல்ல யோசனைதான்," என்றாள்.

நான் நாற்காலியை அவள் பக்கத்தில் இழுத்துப் போட்டு உட்கார்ந்தேன்.

"ஆனா ஒண்ணு. கடைக்காரன் உன் தலையில எதையாவது கட்டிடுவான். நீ அப்பாவி." ('நீ'! வந்துவிட்டது 'நீ'!) "என்னென்ன வேணும்னு நாமளே முதல்ல எழுதி வச்சுக்கலாம். எனக்குச் சைக்கிளைப் பத்தி என்ன தெரியும்? நீ சொல்லு, நான் எழுதறேன்."

காலண்டர் தாளைக் கிழித்துப் பின்பக்கத்தைத் திருப்பினாள். பென்சிலை நாக்கில் தொட்டுக்கொண்டாள். எனக்கு ஒரு செயலாளர் கிடைத்துவிட்டாள் என்று பூரித்துப்போனேன்.

"முதல்ல, எடை குறைவா இருக்கணும்," என்றேன்.

"எதுக்கு? நீதான் அது மேல உக்காரப் போற. அது உன் மேல இல்லையே?"

"உக்காரும் நேரம் உக்காரலாம். மாட்டு வேலி வந்தா? தோள்ல தூக்கிட்டுத்தானே தாண்டணும்?"

"அட ஆமா! எனக்குத் தோணவே இல்ல பாரு." எழுதினாள். "சரளைப் பாதையிலயா அந்த வேலி?"

"சரளை முடியற இடத்துல. அப்புறம் மட்கார்டு வேணும்."

"அது எதுக்கு? மழையில நீ வெளிய போனதே இல்லையே."

"மழை எதுக்கு? ஓடைத் தண்ணி போதாதா? ஒரு தடவையில்ல, ரெண்டு தடவை கடக்கணும்! முதுகெல்லாம் சேறு. துவைக்கறவ நீதானே?"

"என் கஷ்டத்தையும் நெனைக்கிறியே," என்றாள். அவள் கண் கலங்கிய மாதிரி இருந்தது. வெங்காயம் நறுக்கியிருந்தாள் என்று பிறகு தெரிந்தது.

அன்றைக்கு அத்தோடு நிறுத்தினோம். மறுநாள் அவளே கேட்டாள்.

"சின்ன கியர், சின்ன கியர்னு புலம்புவியே. அது அவசியமா? காசு ஜாஸ்தியாமே."

"அவசியமாவா? ஓடையை ரெண்டாவது தடவை தாண்டினதும் ஒரு ஏத்தம் இருக்கு பாரு, சுவரு மாதிரி! நாக்கு சக்கரத்துல மாட்டிக்கும்."

"ஐயோ பாவம். போடு சின்ன கியர்." எழுதினாள். "டயரு? மெலிசா இருந்தா தார்ரோட்டுல பறக்கலாமே?"

"தார்ல பறந்து என்ன பண்றது? ஏத்தத்துக்கு மேல பூரா ஊசியிலை மர வேரு. வழவழன்னு இருக்கும். ரெண்டுக்கும் நடுவாந்தரமா ஒரு டயர் வந்திருக்கு."

"ஹேண்டில்பார் அகலமா இருந்தா கூடை வைக்க வசதி."

"அங்கதான் நீ தப்புப் பண்ற!" நான் எழுந்தே நின்றுவிட்டேன். மிலோய்காவைப் பார்த்து 'நீ தப்பு' என்று சொல்லும் வாய்ப்பு ஒருவனுக்கு எத்தனை முறை வரும்? "அகலமா இருந்தா அந்த ரெண்டு பாறைக்கு நடுவுல எப்படிப் புகுந்து போறது? குறுகலாத்தான் இருக்கணும்."

"தப்புதான்," என்று ஒப்புக்கொண்டாள்.

ஒப்புக்கொண்டாள்! நான் அன்று இரண்டு தட்டு கூடுதலாகச் சாப்பிட்டேன்.

"கடைசியா ஒண்ணே ஒண்ணு," என்றாள். "சீட்டை ஏத்தி இறக்க முடியுமா?"

"ஒரு பொத்தானை அமுக்கினா தானா இறங்கும். இறக்கத்துல தேவைப்படும். காட்டுப் பாதைக்காரன் எல்லாரும் இப்ப அதான் போடறான்."

"எவ்வளவு தூரம் இறங்கும்?"

"ஒரு சாண்."

"போதும்," என்று அதையும் எழுதிக்கொண்டாள்.

நான் ஏமாளி என்று நினைத்துவிடாதீர்கள். எனக்கும் எச்சரிக்கை உண்டு. புதன்கிழமை கடைக்காரர் ஒரு நாள் ஓட்டிப் பார்க்கச் சொல்லிச் சைக்கிளைக் கொடுத்தார். அதில் போன வழியையெல்லாம் படமாக வரையும் சின்னக் கருவி ஒன்று இருந்தது. நான் அதை மாதா கோயில் நீரூற்றுக்குப் பக்கத்திலேயே அணைத்துவிட்டேன். திரும்பி வந்ததும் மிலோய்கா என்ன செய்தாள் தெரியுமா? நான் காலைக் கழுவும் நேரத்தில் அந்தக் கருவியைக் கையில் எடுத்துக் குடைந்துகொண்டிருந்தாள்.

"படம் நீரூற்றோட நின்னு போச்சே?"

"பேட்டரி தீந்துபோச்சு."

"அப்படியா." முகம் தொங்கிவிட்டது. பெருமூச்சு விட்டுக் கருவியை மேசையில் வைத்தாள்.

நான் குளியலறைக் கதவைச் சாத்திக்கொண்டு உள்ளே துள்ளிக் குதித்தேன். சத்தம் வராமல்தான். இவ்வளவு கரிசனமும் இதற்குத்தானா! யாரிடம் நடக்கும்? பதினாறு வருடம் காத்த கோட்டை. என் புத்தியை நினைத்து எனக்கே மரியாதை வந்தது.

வெள்ளிக்கிழமை மூன்று சைக்கிள்களும் போயின. புதியது வந்தது. பாசி நிறம். கடைக்காரர் எங்கள் காலண்டர் தாளைப் படித்துப் பார்த்து, "இவ்வளவு தெளிவாக் கேட்டு வந்த வாடிக்கையாளரை நான் பார்த்ததே இல்ல," என்றார். மிலோய்கா அடக்கமாகத் தலைகுனிந்தாள். தாளைத் திருப்பி வாங்கி மடித்துப் பையில் வைத்துக்கொண்டாள். முன்பக்கம் ஒரு கூடைத்தாங்கியும் மாட்டச் சொன்னாள். ரொட்டி வாங்கப் போகலாமாம். மாட்டட்டும் என்று பெருந்தன்மையோடு விட்டுவிட்டேன். ஜெயித்தவன் பெருந்தன்மையாக இருக்க வேண்டும்.

பக்கத்து வீட்டு ஃபெர்தோ வேலிமேல் முழங்கையை ஊன்றினான். ரிட்டையரான தபால்காரன். ஊரில் எல்லார் வீட்டுச் சங்கதியும் ஒட்டாத உறை மாதிரி அவன் வாயில் இருக்கும்.

"மூணை வித்து ஒண்ணு வாங்கினியா? கணக்குல நீ பள்ளிக்கூடத்துலயே அப்படித்தான்."

"இது ஒண்ணு இல்லடா, மூணு! தாருக்கு ஆகும், சரளைக்கு ஆகும், காட்டுக்கு ஆகும். அதுவும் மிலோய்கா சம்மதத்தோட!"

"மிலோய்கா சம்மதிச்சுதா?" ஃபெர்தோ முழங்கையை எடுத்துவிட்டான். "வீதோமிர், நீ உடனே டாக்டரைப் பாரு. ஏதோ பெருசா வரப்போகுது."

பொறாமை.

சனிக்கிழமை விறகு வந்தது. சாயங்காலம் வரை அடுக்கினேன். நூல் பிடித்த மாதிரி நேராக வந்தது. முந்தின வாரம்தான் நல்ல மழை பெய்து வெயில் அடித்திருந்தது. ஞாயிற்றுக்கிழமை காலையில் யூர்செக் தொப்பி தூக்கியிருக்கும். கூடையை எடுத்து வாசலில் வைத்தேன். இடுப்பு இரண்டாகப் பிளந்த வலியோடும், உலகத்தையே வென்ற மகிழ்ச்சியோடும் படுத்தேன்.

விறகு அடுக்கியவன் தூக்கம் அது. விழித்தபோது வெயில் ஜன்னலுக்குள் வந்துவிட்டது. கொட்டகைக்கு ஓடினேன். விறகு இருந்தது. சைக்கிளைக் காணோம்!

"திருட்டு! திருட்டு!" என்று உள்சட்டையோடு தெருவுக்கு வந்தேன். "ஃபெர்தோ! என் சைக்கிள்!"

"கத்தாதே. உன் சம்சாரம்தான் விடியறதுக்குள்ள அதுல போச்சு."

"எங்க போறேன்னு சொன்னா?"

"பூசைக்குன்னு சொல்லுச்சு." அவன் மூக்கைச் சொறிந்தான். "பக்திதான். ரப்பர் பூட்ஸ் போட்டுக்கிட்டு, கத்தி ஒண்ணு சொருகிக்கிட்டு."

வாசலைப் பார்த்தேன். கூடையும் இல்லை.

சமையலறைக்குப் போனேன். குளிர்பெட்டிக் கதவில் காலண்டர் தாள் காந்தத்தில் ஒட்டியிருந்தது. அவள் கையெழுத்து. ஒவ்வொரு தேவைக்கும் எதிரே நான் சொன்ன காரணம். சரளை முடிவில் மாட்டு வேலி. ஓடை. மறுபடி ஓடை. சுவர் மாதிரி ஏற்றம். ஊசியிலை வேர். இரண்டு பாறை, நடுவில் குறுகல். மேலிருந்து கீழே படித்தேன். இது சைக்கிள் வாங்கப் போனவன் கொண்டுபோகும் பட்டியல் இல்லை. வழி தெரியாதவனுக்கு எழுதிக்கொடுத்த சீட்டு. நாற்காலியில் அப்படியே உட்கார்ந்துவிட்டேன்.

ஒன்பது மணிக்கு வந்தாள். கன்னமெல்லாம் சிவப்பு, தலையில் இரண்டு ஊசியிலை. சைக்கிள் சீட் ஒரு சாண் இறங்கியிருந்தது. அவள் உயரத்துக்கு அளவெடுத்த மாதிரி. கூடையை மேசையில் வைத்தாள். ஒவ்வொன்றும் என் முஷ்டி அளவு.

"ரெண்டு கிலோ," என்றாள். "காளான் பறிக்கச் சட்டப்படி ஒரு நாளைக்கு ஆளுக்கு ரெண்டு கிலோதானே? உன் பங்கை அங்கயே விட்டுட்டு வந்தேன். நான் பேராசைக்காரி இல்ல."

"எப்படி..." என்றேன்.

"மாமா ஆட்டை எட்டு வருஷம் மேய்ச்சவடா நான். இந்த மலையில எல்லா ஓடையும் எனக்கு அத்துப்படி. வேலிக்கு அப்புறம் ஒரே ஓடையை ரெண்டு தடவை தாண்டி, ரெண்டு பாறை நடுவுல புகுந்து போற இடம் ஒண்ணே ஒண்ணுதான். ஓநாய்மூக்கு. ஆடே அங்க போக யோசிக்கும். நீ போவேன்னு நான் கனவுலகூட நெனைக்கல."

"அந்தக் கருவி? படம் இல்லன்னு முகம் தொங்கிப்போச்சே?"

"தொங்கலேன்னா நீ சந்தேகப்பட்டிருப்பியே."

வாணலியில் வெண்ணெய் போட்டாள். வாசனை எழுந்தது. ஃபெர்தோவின் மூக்கு வேலிக்கு மேல் உயர்ந்ததை ஜன்னல் வழியாகப் பார்த்தேன். முதல் தட்டை எடுத்துத் தன் முன்னால் வைத்து உட்கார்ந்துகொண்டாள். இரண்டாவது தட்டு எனக்கு. ருசி என்னவோ அபாரமாக இருந்தது, அது வேறு எரிச்சல்.

"நீ தேர்ந்தெடுத்த சைக்கிள் அருமைடா," என்றாள் வாய் நிறைய. "தார்ல பறக்குது, சரளையில வழுக்கல, ஏத்தத்துல சும்மா ஆடு மாதிரி ஏறுது. உனக்கு இவ்வளவு விஷயம் தெரியும்னு எனக்குத் தெரியாமப் போச்சே. ஒரே ஒரு குறைதான். அந்தப் பாறை இடுக்குல ஹேண்டில்பார் ரெண்டு விரல் உரசுது."

திங்கட்கிழமை காலை முதல் வேலையாக ஹேண்டில்பாரைக் குறுக்கக் கடைக்குப் போனேன், சைக்கிளை அலுங்காமல் தள்ளிக்கொண்டு, நடந்து. சீட்டை அவள் அளவிலிருந்து ஏற்றக் கூடாது என்று உத்தரவு.