பானையில் நின்ற சத்து

முப்பது வருடம் வேதியியல் நடத்திய ஒருவன், பிள்ளை பெற்று வந்த மகளுக்குப் பிராந்தி ஊற்றிக் கொடுக்கப் பார்த்தான். அந்த ஒருவன் நான்தான்.

எட்டு வருடத்துக்கு முன் மகள் செல்வி பிரசவத்துக்காக உத்திரமேரூருக்கு வந்திருந்தாள். பெண் குழந்தை, இரண்டேகால் கிலோ. தாய்ப்பால்தான் அதைத் தேற்ற வேண்டும். பிள்ளை பெற்றவளுக்குப் பிராந்தியில் முட்டை உடைத்து ஊற்றிக் கொடுத்தால் குளிர் அண்டாது, உடம்பு தேறும் என்பார்கள் எங்கள் பக்கத்தில். மற்றவர்கள் அதைச் சும்மா நம்பினார்கள். நான் படித்தவனாயிற்றே, ஆதாரம் சொல்லி நம்பினேன்.

மதுக்கடை வரிசையில் தலையில் துண்டைப் போட்டுக்கொண்டு நின்றேன். (என்னிடம் படித்தவர்களில் பாதிப் பேர் அங்கேதான் இருந்தார்கள். "சார் வந்துகீறாரு, வழி வுடுங்கடா" என்று ஒருவன் மரியாதை வேறு செய்தான்.)

வீட்டுக்கு வந்து, முட்டை கலந்து டம்ளரை நீட்டினேன்.

"கொயந்தைக்கு எதுனா ஆயிடப் போவுது, நைனா," என்றாள் செல்வி.

"திராட்சையில வடிச்சதும்மா. கொழுப்பு கிடையாது, சர்க்கரை கிடையாது. திராட்சையோட சத்து மட்டும்தான். குடி."

என் படிப்பை நம்பி டம்ளரை வாங்கிவிட்டாள். அந்த நேரம் பார்த்து, குழந்தையை எடை போட கிராம நர்ஸ் கலா வந்தாள். அவளும் என் மாணவிதான். வாசனையிலேயே விஷயம் புரிந்து, டம்ளரைப் பிடுங்கிக் கீழே வைத்தாள்.

"இதுல புரதம் எவ்ளோ கீது சார்?"

"இல்ல."

"இரும்புச்சத்து?"

"அதுவும் இல்ல."

"வைட்டமின்?"

"திராட்சையில இருக்குமே..."

"காய்ச்சி வடிச்சா ஆவியாவறதுதான் மேல போவும், மிச்சம்லாம் பானையிலயே நின்னுடும்னு நீங்கதானே சார் நடத்துனீங்க? எனக்கே ஞாபகம் கீது. இதுல கீறது ஆல்ககாலும் அதோட வெறும் கலோரியும்தான். இவ குடிச்சா பால்ல எறங்கும். ரெண்டேகால் கிலோ கொயந்தை தாங்குமா?"

பிராந்தியைக் கொல்லையில் கொட்டினேன். செல்விக்கு வேறு முட்டை அவித்துக் கொடுத்தோம். கலா சற்றுத் தாமதமாக வந்திருந்தால் என்ற நினைப்பு மட்டும் இன்னும் என்னை விடவில்லை.

குழந்தை அந்த மாதமே தேறத் தொடங்கியது. இப்போது மூன்றாம் வகுப்பு. ஓட்டப்பந்தயத்தில் அவளைப் பிடிக்க ஆளில்லை. விடுமுறைக்கு வந்தால், நான் எதைப் பரிமாறினாலும் தட்டை உற்றுப் பார்ப்பாள்.

"தாத்தா, சத்து தட்டுல கீதா, பானையிலயே வுட்டுட்டியா?"

வீடே சிரிக்கும். நான் பானையை ஒரு முறை எட்டிப் பார்த்துவிட்டுத்தான் பதில் சொல்வேன்.