அறுவடைக்குப் பிறகு அடியுரம்

விவசாயிக்கு உரத்தில் சந்தேகம் வந்தால் அதை முறைப்படி தீர்த்துவைக்க ஓர் அலுவலகம் உண்டு. முக்கால் ஏக்கர்காரருக்கும் சந்தேகம் வந்தது. ரெண்டு வருஷமாகக் கொண்டைக்கடலை விதைத்ததில் மூட்டை நிறையவில்லை, வயிறு எரிந்ததுதான் மிச்சம்.

"நாட்டு ரகமா, புது ரகமா? மணிச்சத்து உரம் போடணுமா, வேண்டாமா? கேட்டுட்டு சட்டுனு வாங்க. நாலு நாள்ல மண்ணுல ஈரம் போயிடும்," என்று மனைவி துரத்திவிட்டாள்.

அதிகாரி நின்றுகொண்டிருந்தார். நாற்காலியில் கோப்புகள் உட்கார்ந்திருந்தன.

"சரியான இடத்துக்கு வந்தீங்க. போன பருவத்துல நாலு பாத்தியில ஆராய்ச்சியே பண்ணியிருக்கோம். ரகத்துக்கு ரெண்டு பாத்தி. ஒண்ணுக்கு மணிச்சத்து, அதான் சூப்பர் பாஸ்பேட், உண்டு, ஒண்ணுக்கு இல்ல."

"என்ன தெரிஞ்சுது ஐயா?"

"உரத்தால ஒரு வித்தியாசமும் இல்ல. அறிக்கை அச்சாயிடுச்சு."

"உரம் எப்ப போட்டீங்க?"

"அறுவடை முடிஞ்ச பதினோராம் நாள்."

முக்கால் ஏக்கர்காரர் காதைக் குடைந்துகொண்டார். "அது அடியுரமாச்சே! விதைக்கறப்பல்ல போடணும்?"

"மூட்டை அன்னைக்குத்தான் வந்துச்சு. 'பாத்திக்கு உரம் இடுக'ன்னு ஆணை. பாத்தியில பயிர் இருக்கணும்னு எங்க போட்டிருக்கு? காட்டுங்க."

"ஆள் செத்தப்புறம் வாயில மருந்து ஊத்தின மாதிரி இருக்கே!"

"மருந்து கொடுத்தோமா இல்லையா? அதான் எங்களுக்கு வேணும்."

பின்வாசல் வழியாக வெளியே வந்த முக்கால் ஏக்கர்காரர் அப்படியே நின்றுவிட்டார். அறுப்பில் சிந்திய கடலையெல்லாம் மழைக்கு முளைத்து, பெயர்ப்பலகை நட்ட நாலு பாத்தியிலும் ஆளுக்கொரு விதமாக நின்றது. உரம் விழாத இடத்தில் புது ரகம் சாணுயரத்தில் மஞ்சள் பாய்ந்து கிடந்தது. உரம் விழுந்த இடத்திலோ முழங்கால் உயரம், புதர் மாதிரி கிளை. நாட்டு ரகம் மட்டும் உரம் போட்டாலும் போடாவிட்டாலும் இவ்வளவுதான் நான் என்று நடுத்தரமாக நின்றது.

"ஐயா, ஓடி வாங்க! நான் கேட்டதுக்கெல்லாம் இங்க பதில் முளைச்சிருக்கு!"

அதிகாரி எட்டிப் பார்த்தார். "அதுவா? அனுமதியில்லாத பயிர். நாளைக்குப் பிடுங்க ஆள் வருது."

அன்றைக்கே புது ரக விதையும் ஒரு மூட்டை சூப்பர் பாஸ்பேட்டும் முக்கால் ஏக்கர்காரர் வீட்டுக்கு வந்துசேர்ந்தன. ஈரம் காயும்முன் விதைத்தார். அந்த வருஷம் கடலையைக் கொட்டச் சாக்கு போதாமல் பக்கத்து வீட்டில் இரவல் வாங்கினார்கள்.

சும்மா இருக்குமா அலுவலகம்? அவருக்கு மாலை போட்டு, 'கடலை ஆலோசனைக் குழு உறுப்பினர்' என்று சட்டையில் ஓர் அட்டையும் குத்தி அனுப்பியது.

அடுத்த விதைப்பு வந்தது. பக்கத்து வயல் அண்ணன் கேட்டார்: "ஏம்ப்பா, எனக்கும் சொல்லேன். எந்த விதை, எவ்வளவு உரம்?"

முக்கால் ஏக்கர்காரர் அட்டையை நேராக்கிக்கொண்டு தொண்டையைச் செருமினார். "வாயால சொல்றது முறையில்லண்ணே. ஒரு மனு எழுதிக் குடுங்க. குழு கூடட்டும்."

"எப்ப கூடும்?"

"அதுக்கும் ஒரு தேதி போடணும்ல. எங்க வயலுக்கே இன்னும் முடிவாகல."

கொல்லைப்புறத்திலிருந்து காலெல்லாம் சேறாக வந்தாள் மனைவி.

"அண்ணே, வாங்க, விதை எடுத்துத் தரேன். நம்ம வயல் விதைச்சு மூணு நாளாச்சு. உங்க தம்பி அங்க வந்து மண்ணை மிதிச்சாத்தானே தெரியும்!"